ஊல்கானின் கால்

குபாத்தைப் புதைக்க நாங்கள் கிளம்பிய அன்று குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போயிருந்தது. நான்தான் வண்டி ஓட்டினேன். எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தின் பழைய ஆம்புலன்ஸ் அது, பதினாறு வருடமாக என் கையில் இருக்கிறது. பின்னால் கம்பளத்தில் சுற்றிய குபாத். அவர் பக்கத்தில் பலகை சீட்டில் அவர் மனைவி ஜூரா அக்கா. அக்கா அதே மருத்துவ நிலையத்தில் நர்ஸ்.

குபாத் எங்கள் ஊரின் மின்சார லைன்மேன். முப்பது வருடம் கம்பம் ஏறியவர், கம்பத்தால் சாகவில்லை. காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து காலுறை மாட்டும்போது இதயம் நின்றுவிட்டது. ஒரு காலில் மாட்டியிருந்தார், இன்னொன்று கையில் இருந்தது.

அவரும் அக்காவும் ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் அவர்களுக்குப் பிறகு வந்தவன். அந்த முஸ்லிம் ஊரில் கிறிஸ்தவர்களாக நாங்கள் மொத்தம் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் செய்யும் எர்கின் வீட்டில் கூடுவோம், பிரசங்கம் செய்வதும் அவர்தான். ஊர் எங்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. கல்யாண விருந்துகளில் எங்களுக்குக் கடைசி மேசை கிடைக்கும், அவ்வளவுதான். சாவு வரும்வரை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

மயானம் மேட்டின் மேல் இருக்கிறது. குபாத்தின் தம்பி முந்தின நாளே டயர் கொளுத்தி, உறைந்த மண்ணை இளக்கிக் குழி தோண்டி வைத்திருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழி மூடப்பட்டிருந்தது. பாதையின் குறுக்கே முப்பது ஆண்கள் நின்றார்கள். முன்னால் பெய்ஷேன் சார்.

அவர் ஊர்ப் பெரியவர்கள் சபையின் தலைவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார், குபாத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் கத்தவில்லை.

"மெலிஸ், வண்டியைத் திருப்பு."

"குழி தோண்டியாச்சு சார்."

"மூடியாச்சு. அவன் அப்பனும் தாத்தனும் படுத்திருக்கிற இடம் இது. அவங்களை விட்டுட்டு வேற வழி போனது அவன்தான். நாங்க போகச் சொல்லல."

தம்பி கெஞ்சினான், அழுதான். கடைசியில் வண்டியை விட்டு இறங்கிப் போய் அந்த முப்பது பேரோடு நின்றுகொண்டான். ஐந்து பிள்ளைகள் அவனுக்கு. அந்த ஊரில்தான் வாழ வேண்டும். எங்களோடு வந்திருந்த எர்கின் அதிகாரிகள் யார் யாருக்கோ போன் போட்டார். "பிரச்சினை பண்ணாதீங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் எடுக்கவில்லை.

நாலு மணி நேரம் அங்கே நின்றோம். அந்த நாலு மணி நேரத்தில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"ஹீட்டரை அணைச்சிடு மெலிஸ். அவருக்கு ஆகாது."

அணைத்தேன். அதற்குப் பிறகு வண்டிக்குள் எல்லோரும் அவரைப் போலவே குளிர்ந்து கிடந்தோம். இருட்டுவதற்குள் டவுனுக்குப் போய், பழைய ரஷ்யக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு, ஒரு உக்ரேன் டீச்சருக்கும் பெயர் அழிந்துபோன யாரோ ஒருவருக்கும் நடுவில் அவரைப் புதைத்தோம்.

நாலாம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள்.

நான் அவளை வீடு வீடாகக் கூட்டிப் போவேன். ஊசி, பிரஷர், பிள்ளை பெற்றவர்களைப் பார்ப்பது. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். ஆனால் வண்டியில் ஏறினால் கதவைச் சாத்த மாட்டாள். பனி உள்ளே அடித்துக்கொண்டிருக்கும், மடியில் பையை வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் இறங்கிச் சுற்றிப் போய் சாத்துவேன். எர்கின் வீட்டுக் கூட்டத்தில் எல்லோரும் பாடும்போது அவளும் வாயை அசைப்பாள். என் மனைவி ஒருநாள் அவளுக்கு உப்பு போட மறந்த சூப்பைக் கொடுத்துவிட்டாள். அக்கா முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

"எப்படி இருக்கேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, கன்னம் மரத்துப் போயிடும். கிள்ளினா கிள்றாங்கன்னு தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருக்கேன்."

"சரியாயிடும்க்கா."

"சரியாயிடும்" என்றாள், நோயாளிகளிடம் சொல்கிற அதே குரலில்.

பிப்ரவரியில் ஒரு காலை பெய்ஷேன் சார் மருத்துவ நிலையத்துக்கு வந்தார். அக்கா மேசைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு தூரம்கூட இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"மெலிஸ், நர்சம்மாகிட்ட சொல்லு. எங்க வீட்டுக்காரிக்குக் கால்ல புண்ணு. ஆற மாட்டேங்குது. டவுன் டாக்டர் தினம் கட்டு மாத்தணும்னு எழுதிக் குடுத்திருக்கார்."

இன்னொரு நர்ஸ் பிரசவ விடுப்பில் இருந்தாள். ஊரில் வேறு ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன்.

அக்கா பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

அவர் எண்ணைச் சொன்னார்.

"காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். வெந்நீர் வச்சிருங்க."

அன்று மாலை நான் வண்டியில் பொங்கிவிட்டேன். "என்னக்கா இது? அந்த ஆள் உன் முகத்தைப் பார்த்துக்கூடக் கேக்கல. டவுனுக்குப் போகச் சொல்லியிருக்கலாம்ல?"

"டவுன் நாற்பது கிலோமீட்டர்."

"நாம குபாத் அண்ணனைத் தூக்கிட்டுப் போனதும் அதே நாற்பது கிலோமீட்டர்தான்!"

அக்கா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "மலைத்திருப்பத்துல பனி கிடக்கு. தினம் போக முடியாது" என்றாள்.

அவர் மனைவியின் பெயர் ஊல்கான். அறுபதைத் தாண்டியவள், பருத்த உடம்பு, நாக்கில் ஈரமே கிடையாது. முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டியாடி சிலுவைக்காரி? பஞ்சுல ஏதாவது மந்திரத் தண்ணி தொட்டுக் கொண்டாந்திருக்கியா?"

"அயோடின்."

"நான் கண்ணசந்த நேரத்துல தலையில தெளிச்சு வச்சிடாத. செத்து அந்தப் பக்கம் போனா என் மாமியாருக்கு நான்தான் பதில் சொல்லணும். உயிரோட இருக்கும்போதே அந்தக் கிழவிகிட்ட என்னால பேச முடியல."

"காலை நீட்டுங்க."

"சிரிக்கவாவது சிரியேன்டி. காசா பணமா?"

அக்கா சிரிக்கவில்லை. குனிந்து பழைய கட்டைப் பிரித்தாள். நாற்றம் வாசல் வரை வந்தது. பெய்ஷேன் சார் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். தினமும் அப்படித்தான், நாங்கள் வந்தால் அவருக்கு ஆடுகளிடம் வேலை வந்துவிடும்.

மூன்று வாரம் போனோம், ஒருநாள் தவறாமல். நடுவில் இரண்டு நாள் வண்டி கிளம்பவில்லை, அக்கா பனியில் நடந்தே போனாள். ஊல்கான் தினமும் எதையாவது சொல்லி அவளைச் சீண்டிப் பார்ப்பாள். ஒருநாள் சீண்டலை விட்டுவிட்டு நேராகவே கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் மேல உனக்குக் கோபமே இல்லையாடி?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"இருக்கணும். தேடிப் பார்த்தேன், காணோம்."

"அப்ப மன்னிச்சுட்டியா? உங்க ஆளுங்க அதைத்தான பெருசா சொல்லுவாங்க?"

"அதுவும் தேடினேன்."

"பின்ன எதுக்குடி தினம் வந்து இந்த அழுகலைக் கழுவுற?"

"தினம் கழுவணும். இல்லன்னா மேல ஏறிடும்."

ஊல்கான் என்னைப் பார்த்தாள். "டேய் மெலிஸ், இவகிட்ட எப்படிடா சண்டை போடறது? சுவத்துல பந்து அடிச்சா அதாவது திரும்பி வரும்." அன்று அவள் எங்களைத் தேநீர் குடிக்காமல் விடவில்லை. பாலும் வெண்ணெயும் போட்ட தேநீர், பொரித்த ரொட்டித் துண்டுகள். எங்களைப் போன்றவர்கள் தொட்ட கிண்ணத்தைத் தனியாக வைக்கிற வீடுகள் உண்டு. ஊல்கான் தன் கிண்ணத்திலேயே ஊற்றிக் கொடுத்தாள். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அக்கா தினமும் அங்கே போய் வருவதை எர்கின் கவனித்துவிட்டார். அவர் அந்த மாதம் முழுக்க தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அது எங்கேயோ வானத்தில் இல்லை, நம் தெருவில், நம் அடுப்படியில் வர வேண்டியது என்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அக்காவை எழுப்பிவிட்டார்.

"சகோதரி, நீங்க பண்றது ஊருக்கே தெரியும். ஆண்டவர் உங்க மனசுல என்ன பண்ணினார்னு சாட்சி சொல்லுங்க. மத்தவங்களுக்குப் பலமா இருக்கும்."

அக்கா எழுந்து நின்றாள். அடுப்பில் நிலக்கரி வெடித்தது.

"மனசுல ஒண்ணும் பண்ணல" என்றாள். "கட்டுத்துணி தீர்ந்து போச்சு. நிலையத்துக்கு அடுத்த மாசம்தான் வரும். யார் வீட்டுலயாவது பழைய பருத்தி விரிப்பு இருந்தா கொதிக்க வச்சு, இஸ்திரி போட்டுக் குடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். எர்கின் உள்ளே போய் அலமாரியைக் கிளறினார். அன்றைக்கு அதோடு பிரசங்கம் முடிந்தது. திங்கட்கிழமை மருத்துவ நிலையத்தின் மேசையில் விரிப்புகள் குவிந்திருந்தன. மேலாக இருந்தது எர்கின் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பூவேலை செய்த விரிப்பு. அக்கா ஓரத்தில் இருந்த பூக்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள்.

"குபாத் அண்ணன் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்க்கா" என்றேன்.

"அவர் ராஜ்யம் ராஜ்யம்னு சொல்லிட்டே இருப்பாரு. கரண்ட்டு மாதிரிம்பாரு. கம்பி இழுத்த வீட்டுக்கெல்லாம் போகும், யார் வீடுன்னு கேக்காதும்பாரு. அப்ப எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு." துணியை நீளமாகக் கிழித்தாள். "இப்ப புரியல. கட்டு போடத்தான் தெரியுது."

மார்ச் தொடக்கத்தில் ஊல்கானின் விரல்கள் கறுத்துவிட்டன. அக்கா கட்டைப் பிரித்தாள், பார்த்தாள், மறுபடியும் கட்டினாள். வெளியே வந்து நேராகத் தொழுவத்துக்குப் போனாள். அதுவரை அவள் அங்கே போனதில்லை.

"காலை எடுக்கணும். இன்னைக்கே."

பெய்ஷேன் சார் ஆட்டுக்கு வைக்கோல் போட்டபடியே நின்றார். "ஆண்டவன் பார்த்துப்பான்."

"பார்க்கட்டும். நாம வண்டியில ஏத்துவோம்."

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் அன்று மாலையே முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். மறுநாள் காலை ஊல்கான் கண் விழித்து, "எடையாவது குறைஞ்சிருக்கா பாரு" என்றாள். அவள் தங்கை துணைக்கு இருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பெய்ஷேன் சாரைக் கூப்பிட்டு அந்தக் காலைக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், உடம்பிலிருந்து போனதை வீட்டார் கொண்டுபோய் மண்ணில் வைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பின்னால் ஏறினாள்.

பாதி வழி வந்திருப்போம்.

"பையனுங்க ரெண்டு பேரும் மாஸ்கோவுல" என்றார் திடீரென்று. "ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லிட்டா. ஊரே கூடி தன் காலைப் புதைச்சதா இருக்கக் கூடாதாம். வெட்கப்படறா." கொஞ்சம் பொறுத்து, "உன்கிட்ட கடப்பாரை இருக்கா மெலிஸ்?" என்றார்.

இருந்தது. பனிக்காக எப்போதும் வைத்திருப்பேன்.

மேட்டுப் பாதையில் ஏறினேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் என்னை அறியாமல் பிரேக் போட்டேன். இஞ்சினை அணைத்தேன்.

"நான் தோண்ட மாட்டேன் சார்."

அவர் தலையை ஆட்டினார். மூட்டையை என் பக்கத்துச் சீட்டில் வைத்தார், தூங்கும் குழந்தையை வைப்பதுபோல. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். அவர் அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் நின்று ஓங்கிக் குத்தினார். இரும்பு துள்ளித் திரும்பியது. அறுபத்தேழு வயது. ஐந்தாறு குத்துக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா பனியில் நடந்து போனாள். எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்குள் போவதில்லை. அவர் வழக்கப்படி கையை உயர்த்தினார். "பொம்பளைங்க இங்க..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"குடுங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா உங்களுக்கும் நான்தான் ஊசி போடணும்."

கடப்பாரையை வாங்கிக் குத்த ஆரம்பித்தாள். ஒரே சீராக, அவசரமில்லாமல். தன் புருஷனுக்கு மறுத்த மண்ணை, மறுத்தவரின் மனைவி காலுக்காக. நான் வண்டிக்குள் அந்த மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தேன், வசவுதான் வாயில் வந்தது. கடைசியில் இறங்கினேன். அன்பினால் இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண்பிள்ளை தோண்டுவதை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேரும் மாறி மாறித் தோண்டினோம். முழங்கால் ஆழத்துக்கு வர மதியம் தாண்டிவிட்டது.

அவர் மூட்டையை வைத்து, மண் தள்ளி, இரண்டு கைகளையும் விரித்து ஓதினார். அக்கா தலையைக் குனிந்து நின்றாள்.

திரும்பும்போது அவர் பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னார். "மண்ணு விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்மா. எங்க முறை அது. ஆனா உன்னை அந்தக் குளிர்ல நாலு மணி நேரம் நிக்க வச்சேனே, அது தப்பு."

"சரி" என்றாள் அக்கா.

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். ஊர் வந்துவிட்டது.

அவளை வீட்டில் இறக்கிவிடும்போது கேட்டேன், அங்கே நின்று தோண்டியபோது மனசுக்கு எப்படி இருந்தது என்று. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்திருந்தது. "நாளைக்குக் கட்டு போடறப்ப கையுறை போட்டுக்கணும்" என்றாள்.

மே மாதம் ஊல்கான் இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு நடக்கப் பழகினாள். முதன்முதலில் தெருவில் இறங்கியவள் கடைக்குப் போகவில்லை, தங்கை வீட்டுக்கும் போகவில்லை. ஜூரா அக்காவின் வாசலுக்கு வந்தாள். நான் அன்று அக்கா வீட்டு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஊல்கான் வெளிக்கதவருகே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பெருங்குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள்.

எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலிலிருந்தே அழுதுகொண்டுதான் உள்ளே வருவார்கள். குபாத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ஊல்கான் வந்தாள். கம்பம் ஏறியவனே, எங்கள் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் கொண்டுவந்தவனே என்று அவள் இட்டுக்கட்டிப் பாடிய குரல் தெருக்கோடிவரை கேட்டது. ஜன்னல்கள் திறந்தன.

அக்கா வெளியே வந்தாள். ஊல்கானின் ஒரு கோல் சரியத் தொடங்கியது, ஓடிப்போய் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டாள். ஊல்கான் அவள் தோளில் முகத்தை வைத்துப் பாடி முடித்தாள். அக்கா அழவில்லை.

"அழுடி" என்றாள் ஊல்கான். "உனக்காகத்தான நான் தொண்டையைக் கிழிச்சுக்கறேன்."

"வரமாட்டேங்குதுக்கா. உள்ள வாங்க, தேநீர் இருக்கு."

ஆகஸ்டில், சந்தை நாள் ஒன்றில், மருத்துவ நிலையம் நிரம்பி வழிந்தது. பெய்ஷேன் சார் பிரஷர் பார்க்க வந்தார். வயதானவர், எல்லோரும் வழிவிட்டார்கள். வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்கு வந்து சட்டைக் கையை மடித்தார். பத்து பேர் காத்திருந்தார்கள், ஒரு கர்ப்பிணியும் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"வரிசையில நில்லுங்க!"

அவர் திகைத்துப்போனார். "ஒரு நிமிஷ வேலைதானேம்மா..."

"ஒரு நிமிஷமா? என்னை எவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க? நாலு மணி நேரம்! என் புருஷனை வண்டியில வச்சுக்கிட்டு! கணக்கு சொல்லிக்குடுத்த வாத்தியார்தானே நீங்க? உங்க வீட்டுக் கரண்ட்டு எத்தனை தடவை போச்சு, எத்தனை தடவை பனியில வந்து ஏறினாரு, அதைக் கூட்டிப் பார்த்தீங்களா? அவரோட தம்பி தோண்டின குழி, அதைப் போய் மூடினீங்களே, யார் மண்வெட்டியை எடுத்துட்டுப் போனீங்க? சொல்லுங்க!"

அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவே இல்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அன்று அந்த மேட்டில் நின்றவர்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெய்ஷேன் சார் தொப்பியைக் கழற்றினார். அவள் மூச்சு அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. உட்கார்ந்து கையை நீட்டினார். அக்கா பட்டையைச் சுற்றினாள். முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை. காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினாள்.

"கூடுதலா இருக்கு. உப்பைக் குறைங்க" என்றாள். குரல் இன்னும் கோபமாகவே இருந்தது.

மதியம் வீடுகளுக்குக் கிளம்பினோம். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து ஏறினாள்.

"எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் பேசிட்டேனா?"

"இல்லக்கா."

"மெலிஸ், இவ்வளவு நாளா நான் அந்த மனுஷனை மன்னிக்கவே இல்லடா. மன்னிக்கறதுக்கு எனக்குள்ள ஆளே இல்ல. இனிமேதான் மன்னிக்கணும் போல." கைக்குட்டையை மடித்து வைத்தாள். "ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

"ஆமாக்கா."

"முதல்ல யார் வீடு?"

"ஊல்கான் வீடு. தையல் போட்ட இடம் செதில் உரியுதாம்."

"சரி, போ" என்றாள்.